பெரிய வெள்ளிக்காக நான் செய்த சூயிங்கம்

மெட்டுகுடா, செகந்திராபாத்
22-4-2003, செவ்வாய்

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய பேரின்பராஜ் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் கிதியோன் பணிவுடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், டோரிஸ், எமி மூவரும் சுகம். என் பல் செட்டும் சுகம். பாளையங்கோட்டையில் தாங்களும் அக்காவும் ஈஸ்டரை நல்லபடியாக ஆசரித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எடுத்த எடுப்பிலேயே பல் செட்டைப் பற்றி எதற்கு எழுதுகிறான் என்று நெற்றியைச் சுருக்குவீர்கள். நாம் இருவரும் ஒரே வருஷத்தில் மேல்வரிசை கீழ்வரிசை இரண்டும் கட்டிக்கொண்டவர்கள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். இதிலுள்ள விஷயம் என் வீட்டு மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. நான்காவது ஆள் தாங்கள்தான்.

ஐந்தாம் வார்த்தைக்காகத் தாங்கள் எழுதி அனுப்பிய பதினான்கு பக்கக் குறிப்பு எப்படிப் போயிற்று என்று போனில் இரண்டு தடவை கேட்டீர்கள். இரண்டு தடவையும் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, மன்னிக்கவும். பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசும் ஆராதனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நாற்பது வருஷமாகப் பேசுகிறவர் நீங்கள். இங்கே எங்கள் தமிழ்ச் சபையில் நான் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆராதனைக்கு மைக் போடுகிறவன். ரயில்வே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவனுக்கு வயர் பிடிக்கத் தெரியும் என்று ஆரம்பித்தது. உயரமானவர் வந்தால் மைக்கை ஏற்றுவேன், குள்ளமானவர் வந்தால் இறக்குவேன். இருபத்திரண்டு வருஷத்தில் நூற்றைம்பது பேருக்கு மேல் ஏற்றி இறக்கியிருப்பேன், ஒருவரும் 'கிதியோன், நீயும் ஒரு வார்த்தை பேசேன்' என்று கேட்டதில்லை. இந்த வருஷம் ஐந்தாம் வார்த்தைக்காரர் மகனோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டதால், போதகர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, தாகத்தைப் பத்தின வார்த்தை, நீங்க எடுத்துக்கிடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து டோரிஸிடம் இரண்டு தடவை சொன்னேன். அன்றைக்கே உங்களுக்குக் குறிப்பு கேட்டு எழுதினேன்.

சிக்கல் என்னவென்றால், எனக்குப் பயம் வந்தால் வாய் உலர்ந்துவிடும். உலர்ந்தால் பல் செட் ஆடும். ஆடினால் 'ச'வும் 'ஸ'வும் விசில் அடிக்கும். உங்கள் குறிப்பில் முதல் பக்கத்திலேயே 'சிலுவை சுமந்த சீமோன்' என்று வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று படித்துப் பார்த்தேன், பக்கத்து வீட்டு நாய் ஓடி வந்துவிட்டது. எமி அப்போது ஆபீஸிலிருந்து வந்தவள், இரண்டு நிமிஷம் நின்று கேட்டாள். அவள் பேகம்பேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். தமிழில் எல்லாம் புரியும், பதில் மட்டும் பாதி இங்கிலீஷில்தான் வரும். "டாடி, யூ நீட் சூயிங்கம். எங்க டீம்ல எல்லாரும் பிரசன்டேஷனுக்கு முன்னாடி மெல்லுவோம். மவுத் டிரை ஆகாது, டென்ஷனும் போயிடும்" என்றாள். நியாயமாகப் பட்டது. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாற்பது நாளும் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று நான் பொருத்தனை பண்ணியிருந்தேன், எங்கள் தெருக் கடையில் விற்கிற கம் எல்லாம் சர்க்கரை பூசியது. அப்புறம் உபவாசம் வேறு. பெரிய வெள்ளியன்று ஆராதனை முடிந்து கஞ்சி ஊற்றும் வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாத குடும்பம் நம்முடையது. மென்றால் உபவாசம் முறியுமா என்று இரண்டு நாள் யோசித்து, விழுங்காத எதுவும் சாப்பாடு ஆகாது என்று முடிவுக்கு வந்தேன். டோரிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "உபவாசம்னா வாய மூடிட்டு இருக்கணும். நீங்க ஆடு அசைபோட்ட மாதிரி மென்னுட்டு இருப்பிய, அதுக்குப் பேரு உபவாசமா?" என்றாள். வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பற்றி அவள் சொன்னதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

சர்க்கரையில்லாத கம்மை வீட்டிலேயே செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். எமி இன்டர்நெட்டில் தேடி மூன்று பக்கம் அச்செடுத்து வந்தாள். அதில் போட்டிருந்த சரக்கில் பாதி அமெரிக்காவில்தான் கிடைக்கும்போலிருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும், மஸ்தகிப் பிசினையும் தேன்மெழுகையும் சேர்த்து உருக்கினால் அந்தக் காலத்து கம் வரும் என்று இருந்தது. மஸ்தகிக்கு நான் அமெரிக்கா போக வேண்டியதில்லை. மார்க்கெட் பக்கம் யுனானி மருந்துக் கடை வைத்திருக்கும் ஜுலைகா அம்மாளிடம் ஜாடி நிறைய இருக்கிறது, மஞ்சளாகச் சின்னச் சின்னத் துளியாக. மெழுகும் அங்கேயே கிடைத்தது. பொட்டலம் கட்டிக்கொண்டே அந்த அம்மாள் விரலை ஆட்டி, "ஸாப், இஸ்பே டண்டா பானி நக்கோ பீனா" என்றாள். இதன்மேல் குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே என்று அர்த்தம். நான் "கைக்கு?" என்று காரணம் கேட்டேன். "நக்கோ போலே தோ நக்கோ", வேண்டாமென்றால் வேண்டாம், என்று சொல்லி அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு நன்றாகவே புரிந்தது, அத்தான். ஆனால் யுனானிக் கடையில் எதை வாங்கினாலும் குளிர்ந்த தண்ணீர் கூடாது என்றுதானே சொல்கிறார்கள். முழங்கால் வலிக்கு வெளியே தடவுகிற எண்ணெய்க்கே போன வருஷம் அப்படித்தான் சொன்னாள்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் காலையில் வேலையை ஆரம்பித்தேன். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துப் பிசினையும் மெழுகையும் உருக்கினேன். இனிப்புக்கும் குரலுக்கும் அதிமதுரப் பொடி, வாசனைக்கு ஏலக்காய். முதல் தடவை எடுத்து வாயில் போட்டால் மெழுகுவர்த்தியைக் கடித்தது போல இருந்தது, அதனால் இரண்டாவது தடவை மெழுகைப் பாதியாகக் குறைத்தேன். முப்பத்து நான்கு வருஷம் அச்சடித்த அளவை மாற்றாமல் வேலை பார்த்த நான், ரிட்டையரான பிறகு செய்த முதல் மாற்றம் அதுதான். ருசி பிரமாதம். ஆனால் உருட்டக் கையில் எடுத்தால் கையோடு வருகிறது, எண்ணெய் தடவினால் நழுவுகிறது, ஒரே அளவாகத் துண்டு போட என்ன வழி என்று பார்த்தபோது டோரிஸின் இடியாப்ப உரல் கண்ணில் பட்டது. அவள் அம்மா கொடுத்த பித்தளை உரல். கொஞ்சம் பெரிய துளையுள்ள அச்சைப் போட்டு, சூடாக ஊற்றி, அழுத்தினேன். முதல் நான்கு சாண் அழகாகக் கயிறு மாதிரி வந்தது, நறுக்கினேன், நாற்பது துண்டு தேறியது. அதற்குள் உரலில் மிஞ்சியது ஆறிப்போய், மேல்பாகமும் கீழ்ப்பாகமும் ஒரே துண்டாகிவிட்டது. திருகினேன், சுத்தியலால் தட்டினேன், கடைசியில் கதவிடுக்கில் வைத்து இழுத்தேன், கதவுதான் கீலிலிருந்து ஆடியது. டோரிஸ் வந்து பார்த்தாள். "ஈஸ்டருக்கு இடியாப்பம் எதுல பிழிய?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை அந்த வாரம் முழுக்க, காலை ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை சோதனை ஓட்டம் நடத்தினேன். சூடாக ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு உங்கள் பதினான்கு பக்கத்தையும் சத்தமாகப் படித்தேன். வாய் உலரவில்லை, பல் செட் அசையவில்லை, சீமோன் விசிலடிக்காமல் சிலுவையைச் சுமந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில், பேச்சாளர் எல்லாருக்கும் இது வரப்பிரசாதம் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எமியும் ஒன்று வாங்கி மென்றுவிட்டு, "நைஸ், டாடி. பட் கோல்ட் ஆனா ஸ்டோன் மாதிரி ஆகுது" என்றாள். இளம் பல்லுக்காரி, அவளுக்கென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு வெயில் நூற்றி ஆறு. பன்னிரண்டரைக்கு மின்சாரம் போயிற்று. மின்விசிறி எல்லாம் நின்றது, ஆனால் மைக்குக்கு மட்டும் நான் முன்யோசனையாகப் பேட்டரி வைத்திருந்தேன். இருநூறு பேர் உபவாசத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் வார்த்தைக்கு வந்த தம்பிராஜ் இருபது நிமிஷம் பேச வேண்டியவர், நாற்பத்தெட்டு நிமிஷம் பேசினார். அடுத்துப் பேசுகிறவர் பக்கத்து அறையில் காத்திருப்பது எங்கள் வழக்கம். செவ்வாய்க்கிழமையே தாளில் மடித்து எடுத்துவைத்திருந்த கம்மில் ஒன்றை நான் அங்கே உட்கார்ந்து மென்றுகொண்டே இருந்தேன். ஒன்று போதாமல் இரண்டாவதையும் போட்டுக்கொண்டேன். நாற்பதாவது நிமிஷத்தில் கம்மையும் மீறி வாய் உலர ஆரம்பித்தது. அந்த அறையில், பாடகர் குழுவுக்காக யாரோ ஐஸ் பெட்டியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. விழுங்காதது சாப்பாடு இல்லை என்றால் விழுங்காதது தண்ணீரும் இல்லை, கொப்பளித்துத் துப்பிவிடலாம் என்று ஒரு வாய் எடுத்தேன். அத்தான், அந்தக் குளிர்ச்சி எவ்வளவு இதமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு வாயிலேயே வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துப் போதகர் கதவைத் திறந்து, "அண்ணே, வாங்க" என்றார். துப்ப இடமில்லை, விழுங்கிவிட்டேன். விழுங்கிவிட்டு வாயைத் திறக்கப் பார்த்தால் திறக்கவில்லை.

மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடியாப்ப உரலாகிவிட்டன. உதடு திறக்கிறது, உள்ளே கதவு சாத்தியிருக்கிறது. போதகர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிறார், நான் தலையை ஆட்டுகிறேன், அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக் கொடுக்கிறார். பீடத்தில் ஏறி நின்றேன். பழக்க தோஷத்தில் மைக்கைக் கொஞ்சம் இறக்கினேன். உங்கள் குறிப்பை விரித்து வைத்தேன். ஒரு நிமிஷம் போயிற்று. மூக்கால் "ம்ம்" என்று முயற்சி பண்ணினேன், நான் வைத்த பேட்டரி அதைக் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. இரண்டாவது நிமிஷமும் போயிற்று. மூன்றாவது வரிசையில் டோரிஸ் பாதி எழுந்து நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்கு மைக் பிடித்தவன் எனக்கென்று ஒரு மைக் வந்தபோது இப்படி நிற்கிறேனே என்று நினைத்தேன். அதைவிட, இருநூறு பேரும் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒளிந்துநின்று ஐஸ் தண்ணீர் குடித்தவன் நான், நான் இவர்களுக்குத் தாகத்தைப் பற்றிச் சொல்ல வந்தேனே என்று தோன்றியது. அப்போது வந்த அழுகை நிஜம், அத்தான். அதில் பிசினுக்குப் பங்கே இல்லை. கடித்த பல்லுக்கு நடுவே, முழு பலத்தையும் சேர்த்து, "தாகம்" என்று ஒரே ஒரு சொல்லை வெளியே தள்ளினேன். தலை குனிந்தேன். இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பின்வரிசையில் யாரோ விம்மினார்கள், அப்புறம் பெண்கள் பக்கம் முழுவதும். தம்பிராஜே கைக்குட்டையை எடுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், நான் நின்ற நேரத்தில் வெள்ளைப்போளம் மாதிரி ஒரு பரிமளம் பீடத்திலிருந்து வந்தது என்று காதில் சொன்னார். அது மஸ்தகி. நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு ஒதுக்கிய இருபது நிமிஷத்தில் பதினாறு மிச்சமாகி, பல வருஷத்துக்குப் பிறகு ஆராதனை சரியாக மூன்று மணிக்கு முடிந்தது. அதற்காக மட்டுமே என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். பிறகு பந்தலில் கஞ்சி ஊற்றினார்கள். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள், குடிக்காமல் இருக்க முடியாது. கொதிக்கக் கொதிக்க இருந்த கஞ்சியை உதட்டால் உறிஞ்சி வாயில் வைத்தேன். இரண்டாவது மடக்கில் உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. நான்காவது மடக்கில் கதவு திறந்தது. அந்த நிம்மதியை எழுத எனக்குத் தமிழ் போதாது, அத்தான். திறந்த வாயால் நான் பேசிய முதல் வார்த்தை, "துவையல் இன்னும் கொஞ்சம் போடுங்க". போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "அண்ணன் மௌனத்த முடிச்சிட்டாங்க. அடுத்த வருஷமும் அஞ்சாம் வார்த்தை அவங்களுக்குத்தான்" என்றார்.

ஆக, எல்லாம் நன்மையாகவே முடிந்தது. சனிக்கிழமை காலை இடியாப்ப உரலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், கஞ்சி கற்றுக்கொடுத்த பாடம். பத்து நிமிஷத்தில் பிரிந்து வந்தது. ஈஸ்டர் இடியாப்பத்தில் லேசாக ஏலக்காய் வாசம் அடித்தது, டோரிஸ் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள், அதுவே பெரிய மன்னிப்பு. மிச்சமிருந்த கம்மைத் தூக்கிப் போடலாம் என்று டப்பாவைத் தேடினால், அது கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. எனக்கு முன்னாலேயே அவள் குப்பையில் கொட்டியிருக்கிறாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, எங்கள் குடித்தனம் இப்படித்தான் முப்பது வருஷமாக நடக்கிறது. உங்கள் பதினான்கு பக்கமும் மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. அடுத்த வருஷம் ஒரு வரி விடாமல் பேசுவேன். இந்தச் சூயிங்கத்தால் இனிமேல் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்று நிம்மதியாகச் சொல்லி முடிக்கிறேன்.

வியாழக்கிழமை தொடங்கும் கன்வென்ஷனில் தாங்கள் மூன்று நாளும் பேசப்போவதாக அக்கா சொன்னாள். தங்கள் நாவைக் கர்த்தர் திறந்து வல்லமையாக எடுத்து உபயோகிக்கும்படி நாங்கள் மூவரும் தினமும் ஜெபிக்கிறோம். அக்காவுக்கு என் அன்பு. டோரிஸும் எமியும் ஸ்தோத்திரம் சொல்கிறார்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
கிதியோன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் டோரிஸுக்குப் படித்துக் காட்டினேன். டப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் கையை நீட்டி நிறுத்தினாள். "நான் எங்க குப்பையில போட்டேன்? பேச்சாளருக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னிய. புதன்கிழம பாளையங்கோட்டை அண்ணனுக்கு அனுப்புன பிஸ்கட் பார்சல்ல அம்புட்டையும் வச்சிட்டேன். பேசுமுன் ரெண்டுன்னு சீட்டும் எழுதி வச்சேன். வெள்ளிக்கிழம நடந்த களேபரத்துல மறந்தே போச்சு" என்றாள். உடனே உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தாள். "பார்சல் காலையிலேயே வந்துட்டுலே. அவுக ரெண்டு துண்ட வாயில போட்டுட்டு கன்வென்ஷன் பேச்ச சத்தமா படிச்சிட்டு இருந்தாவ. பெறவு ஜில்லுன்னு ஒரு செம்பு பானத்தண்ணி குடிச்சாவ. அதோட கர்த்தர் தொட்டுட்டாருலே. ஒரு வார்த்த பேசல, கண்ணெல்லாம் தண்ணி" என்றாள். அவருக்குச் சூடாகக் கஞ்சி கொடு அக்கா என்று கெஞ்சினேன். "மௌன உபவாசத்துல இருக்கவுகளுக்குக் கஞ்சியா? துண்டுத்தாள்ல என்னமோ எழுதி எழுதி நீட்டுதாவ. என் கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல. ஜெபக் குறிப்பா இருக்கும்னு வேதப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கேன். முப்பத்தாறு வருஷத்துல இந்த வீட்டுல கடிகாரம் ஓடுத சத்தத்த இன்னைக்குத்தாம்லே கேக்கேன். நாளைக்குப் பேசுவோம்" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் எங்கேஜ்டு, ரிசீவரையே எடுத்துக் கீழே வைத்திருக்கிறாள்.

எமிக்கு இன்று மதிய ஷிப்ட். ஆபீஸ் போனதும் இந்தக் கடிதத்தை உங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஃபாக்ஸ் அனுப்புவாள். பூத்காரர் அவர்களே, தயவுசெய்து இதை ஓடிப்போய் அக்காவிடம் சத்தமாகப் படித்துக் காட்டவும். எல்லாவற்றையும் படித்தாலும் சரி, அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் சரி, கிழிக்கச் சொன்னதை மறந்துவிடவும். கஞ்சி, கொதிக்கக் கொதிக்க, நான்கு மடக்கு. அத்தான், வாய் திறந்ததும் முதலில் எனக்குத்தான் போன் போடுவீர்கள் என்று தெரியும். அதனால் இந்த வாரம் முழுவதும் எங்கள் ரிசீவரும் கீழேதான் இருக்கும்.